முட்டிக்குக் கீழே ஒரு ரயில்வே கேட்

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு காலனியிலிருந்து நடவுக்குக் கிளம்பிய பெண்கள், முட்டி உயரம்கூட இல்லாத ஒரு குடைக்கம்பியைத் தாண்ட முடியாமல் வெயில் ஏறும்வரை நின்றார்கள். கம்பிக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்திருந்தது. தூக்கிய கால் தூக்கிய இடத்திலேயே இறங்கியது. புடவையைச் செருகிக்கொண்டு எட்டிக் குதித்த சிட்டம்மாள் குதித்த இடத்திலேயே வந்து விழுந்தாள். பின்னால் வந்த ஆட்டு மந்தை நின்றது. கோழி ஒன்று பறந்து தாண்டப் பார்த்து, இந்தப் பக்கமே இறங்கி, அதற்காகவே வந்தது போல மண்ணைக் கிளறியது. அன்றைக்கு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரவில்லை. சந்தையில் கத்தரிக்காய் மலிவு.

கம்பியை வைத்தவர் வேதகிரி. ரயில்வேயில் இஞ்சின் பழுது பார்க்கிற லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெண்சாதி ஜெகதாம்பாளின் ஊருக்கு வந்து, அவளுக்குப் பங்கில் வந்த தோட்டத்தில் வீடு கட்டி உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் ஊருக்கு நல்லது. அவர் மாட்டுக் கொட்டகையில் மாட்டைப் பிடித்து வெளியே கட்டிவிட்டு, அந்த இடத்தில் கனத்த பலகை போட்டு, வைஸ் பூட்டி, அரமும் சுத்தியலும் ஈயம் பற்றவைக்கிற சாமானும் பரப்பினார். முதலில் ஜெகதாம்பாளின் பித்தளைச் சொம்பு இஞ்சின் பாய்லர் ஆனது. டப்பா மூடிகள் சக்கரம் ஆயின. பிஸ்கட் டின்னை வெட்டி, ஜன்னல் வைத்து, பெட்டிகள் செய்தார். பீப்பாய்ப் பட்டையை நீட்டித் தண்டவாளம், பனஞ்சிலாகையை அறுத்துக் கட்டை, கரண்டிக்கு வண்ணம் பூசிச் சிக்னல். கிணற்றடியில் புறப்பட்டு, எலுமிச்சை மரத்தடியில் நுழைந்து, வைக்கோல் போரைச் சுற்றிக்கொண்டு வருகிற மாதிரி தோட்டம் முழுக்க லைன் போட்டார். அடுப்பங்கரையில் எது காணாமல் போனாலும் ஜெகதாம்பாள் லைன் ஓரமாகப் போய்த் தேடுவாள். “இந்த மனுசன் என்னிய இன்னும் வுட்டு வச்சிக்கிறதே, நான் இஞ்சினுக்குள்ள அடங்கமாட்டேன்னுதான்” என்று தண்ணீர் எடுக்க வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

இவ்வளவும் யாருக்கும் தொந்தரவு இல்லை. தோட்டத்தின் குறுக்கே ஒரு நடைபாதை போகிறது. காலனிக்காரர்கள் ஏரிக்குக் கீழே இருக்கிற வயலுக்குப் போக அதுதான் வழி. வேதகிரி அதை மறிக்கிற ஆள் இல்லை. ஆனால் பாதையை லைன் வெட்டுகிற இடத்தில் கேட் இல்லாமல் இருப்பது அவருக்கு உறுத்தியது. இரண்டு நாள் பட்டறையில் உட்கார்ந்து, குடைக்கம்பியை அறுத்து, பின்பக்கம் கனத்துக்கு ஜெகதாம்பாள் எடை போடுகிற படிக்கல்லைக் கட்டி, பாதையில் நட்டார். நட்ட கையோடு கேட் இறங்கியது. அதுவரை ஒரு வாய் வெற்றிலை மெல்லுவதற்குள் சுற்றி வந்துவிடுகிற வண்டி, வைக்கோல் போருக்குப் பின்னால் போனது, வெளியே வரவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் தண்டவாளம் இருந்தது, வண்டி இல்லை. தூரத்தில் மாகறல் ஊர்ப் பக்கமிருந்து லேசாகக் கூவுகிற சத்தம் மட்டும் வந்தது.

நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள் செங்கேணி. புருஷன் முனியன் மரம் வெட்டப் போய் இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்ததிலிருந்து அவள் கூலிதான் வீடு. அவள் வீடு மட்டும் இல்லை. அந்த நவரைப் பட்டத்து நடவில் வருகிற கூலி நெல்லை வைத்துத்தான் காலனியில் பாதி வீடுகளில் சித்திரை வரைக்கும் உலை ஏறும். அவள் கேட்டுக்கு முன்னால் நின்று, வீட்டு வாசலில் பல் குச்சியோடு நின்ற வேதகிரியைக் கூப்பிட்டாள்.

“இன்னா நைனா இது?”

“கேட்டு.”

“அது தெரியுது. தொறங்க.”

“வண்டி வரணும்மே.”

“வண்டி எங்க கீது?”

“வந்துக்கினு கீது.”

வந்துகொண்டிருக்கிற வண்டி வெயில் முகத்தில் அடிக்கிற நேரத்துக்கு வந்தது. பெட்டிக் கூரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பொங்கலுக்கு அப்புறம் உத்திரமேரூரில் ஒரு பொட்டு மழை இல்லை. எங்கே நனைந்தது என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. கேட் தூக்கியதும் ஓடினார்கள். வயலில் போய்ப் பார்த்தால் நடவு மேஸ்திரி பன்னீர்செல்வம் பக்கத்து ஊர் மானாம்பதி ஆட்களை இறக்கிவிட்டிருந்தார். முதல் வயல் போச்சு.

மறுநாள் இன்னும் முன்னால் வந்தார்கள். கேட்டும் முன்னாலேயே இறங்கியது. முள்வேலியைப் பிரித்துக்கொண்டு போனாலும் எதிரே அதே சிவப்பு வெள்ளைக் கம்பி காலடியில் வந்து நின்றது. ஏரிக்கரையைச் சுற்றிப் போகலாம் என்றால் ஏரி வழிகிற கலங்கலில் இடுப்பளவு தண்ணீர். கைப்பிள்ளைக்காரி மேரியை இழுத்துக்கொண்டு கரையேறுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். செங்கேணி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வளையல் உடைந்ததுதான் மிச்சம். வேதகிரியே கட்டிங் பிளேயரை எடுத்துவந்து வெட்டிப் பார்த்தார். பிளேயருக்குத்தான் பல் போனது. மாடு கேட்டுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்ததால் அவருக்கே இரண்டு நாளாகக் காலைக் காப்பி இல்லை. ஆனாலும் அவர் கலங்கியதாகத் தெரியவில்லை.

“நான் லோகோ. கேட்டு வேற டிபார்ட்மெண்டு. அதுல நம்ம கை வைக்கக் கூடாது” என்றார்.

“வச்சது யாரு?”

“நான்தான்.”

“அப்ப?”

“வச்சது வேற, தொறக்கறது வேற.”

செங்கேணிக்கு அந்த இடத்தில் மரியாதை கழன்றுவிட்டது. “யோவ், நீ ரயில்ல வேல செஞ்சியா, இல்ல ரயிலுதான் உன் மேல ஏறிச்சா?” என்று கேட்டாள். வேதகிரி அதை யோசித்தாற்போல் தலையை ஆட்டிக்கொண்டார். ஜெகதாம்பாள் உள்ளேயிருந்து, “கேளு செங்கேணி, நல்லா கேளு, நான் கேட்டா காது கேக்கல” என்றாள். ஊர் பிரசிடென்ட்டைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் சைக்கிளில் வந்தார், கேட்டைப் பார்த்தார், சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினார், பீடி பற்றவைத்தார். வண்டி வந்து போனதும் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார். “வாலாஜாபாத் போறப்ப இதவிட நேரம் நின்னுகிறேன். கேட்டுன்னா அப்பிடித்தான்” என்று டீக்கடையில் சொன்னாராம்.

கேட் இருக்கிறது, கேட்டுக்கு ஆள் இல்லை, அதுதான் கோளாறு என்று வேதகிரிக்கு ஒரு வழியாகப் பட்டது. பூவரசங்கட்டையில் ஒரு கேட்மேனைச் செதுக்கினார். விரல் நீளம். காக்கித் துணியில் சட்டை, கையில் ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. தீப்பெட்டியில் அவனுக்குக் குடிசை. இரண்டு நாள் கேட் சொன்ன நேரத்துக்கு ஏறி இறங்கியது; பெண்கள் நேரத்துக்கு வயலுக்குப் போனார்கள்; சிட்டம்மாள் அவனுக்கு ஒரு பருக்கை சோறுகூட வைத்தாள். மூன்றாம் நாள் அவன் பச்சைக் கொடியைத் தலைக்கு வைத்துக்கொண்டு குடிசைக்குள் படுத்திருந்தான். நிமிர்த்தி நிறுத்தினால் சாய்ந்தான். அதற்கடுத்த நாள் குடிசை காலி. கடைசிப் பெட்டி ஜன்னலில் காக்கிச் சட்டை தெரிந்ததை மேரி பார்த்திருக்கிறாள். ஏறிப் போனவன் திரும்பவில்லை. இன்னொருத்தனைச் செதுக்கினார் வேதகிரி. அவன் போனவனைத் தேடிக்கொண்டு போனான்.

அந்த வாரம் மேஸ்திரி காலனிக்கே வந்து சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மதகடி வயல் நடவு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. “வெயிலு மதகு மேல வுயறதுக்குள்ள வந்து நிக்கணும். இல்லியா, இந்தப் பட்டம் மட்டும் இல்ல, இனிமே எந்தப் பட்டமும் மானாம்பதி ஆளுங்கதான். உங்க கேட்டு கதையெல்லாம் என்னாண்ட வோணாம்.” செங்கேணி சும்மாட்டுத் துண்டை உதறிச் சுற்றிக்கொண்டாள். சொல்லி என்ன ஆகிறது. கம்பி ஒரு சாண் உசரம், அதைத் தாண்ட முடியவில்லை என்று எந்த மேஸ்திரியிடம் சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை விடியும்போதே கேட் இறங்கியிருந்தது. பெண்கள் வழக்கம்போலக் குந்தினார்கள். மேரியின் பிள்ளை அழுதது. கிழக்கே பனைமரத் தலைகள் வெளுத்துக்கொண்டு வந்தன. ஒருத்தி, திரும்பிப் போய்விடலாம், ஓரிக்கையில் கட்டட வேலை இருக்கிறதாம் என்றாள். “போய் ஜல்லி தூக்கு, யாரு வேணான்னது” என்று செங்கேணி அவள் மேல் எரிந்து விழுந்தாள். அப்போதுதான் வண்டி எலுமிச்சை மரத்தடியில் திரும்புவது தெரிந்தது. தனக்கு வழிவிடச் சொல்லி இத்தனை பேரை நிறுத்திவைத்துவிட்டு, அது சாவகாசமாகப் புகை விட்டுக்கொண்டு வந்தது. செங்கேணிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. தலைச் சும்மாட்டை அவிழ்த்தாள். அது சிவப்புத் துண்டு. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டி, வண்டிக்கு முன்னால் விசிறினாள்.

வண்டி நின்றது.

வேதகிரி பட்டறையிலிருந்து அரத்தோடு ஓடிவந்தார். “ஸ்டேஷன் இல்லாத எடத்துல நிறுத்தக் கூடாதும்மே!”

“நின்னுடுச்சே, இன்னா பண்றது?”

அவர் வண்டியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். “செவப்பு காட்னா நிக்கத்தான் செய்யும். அது எந்த டிபார்ட்மெண்டா இருந்தாலும்” என்று ஒத்துக்கொண்டார்.

செங்கேணி காலைத் தூக்கினாள். கேட்டைத் தாண்டாத அந்தக் கால், வண்டியில் ஏறியது. முதல் பெட்டிக்குள் குனிந்து போய் உட்கார்ந்து, “ஏறுங்கடி, இன்னும் இன்னாத்த பாத்துக்கினு கீறீங்க” என்றாள். எல்லோரும் ஏறினார்கள். பிஸ்கட் டின்னில் அத்தனை பேர் எப்படி அடங்கினார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் டிராக்டர் டிரெய்லரில் ஆள் ஏற்றுகிறதைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

வைக்கோல் போருக்குப் பின்னால் வண்டி நேராக மதகடிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மாகறல் பக்கம் திரும்பி, செய்யாற்று மணலோரமாக ஓடியது. அங்கே மழை. ஜன்னலுக்குக் கதவு வைக்காத வேதகிரியை எல்லோரும் திட்டினார்கள். கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில் காரணம் இல்லாமல் வண்டி நின்றது. சிக்னல் கிடைக்கவில்லை போல. வரப்பில் பூவரசங்கட்டை கேட்மேன்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். “தூங்குமூஞ்சிங்களா, எங்க பொயப்ப கெடுத்துட்டு இங்க வந்து குந்திக்கினீங்களா!” என்று சிட்டம்மாள் கத்தினாள். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். செங்கேணி வெளியே பார்க்கவே இல்லை. மழை மேகத்துக்குப் பின்னால் வெயில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வண்டி அசைந்தது, கூவியது, கொஞ்ச நேரத்தில் மதகடியில், லைனே இல்லாத வரப்பில் வந்து நின்றது.

வெயில் இன்னும் மதகில் விழவில்லை; பலகைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரி குடையோடு நின்றார். புடவை சொட்டச் சொட்ட இறங்குகிற பெண்களைப் பார்த்தார்.

“எங்கடி நனஞ்சீங்க?”

“மாகறல்ல மய, மேஸ்திரி.”

வானத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். “வண்டி வச்சிக்கினு வர்றவங்க இன்னும் சீக்கிரம் வரவேணாமா?” என்றார். அவ்வளவுதான். நாற்று முடியைப் பிரித்து வீசச் சொன்னார். வயலின் ஒரு மூலை பச்சையாகிற நேரத்துக்கு மானாம்பதி ஆட்கள் கரை வழியாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் வரப்பில் நின்று, அந்த வண்டி எங்கே நிற்கும், எங்கே ஏறணும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் வேதகிரிக்கு வேலை கூடிப்போனது. முதலில் ஜன்னலுக்குக் கதவு செய்தார். செங்கேணி தினமும் வந்து நின்றதால் செய்தார். பிறகு பாதையோரம் செங்கல்தூள் கொட்டி ஒரு பிளாட்பாரம், தகரக் கூரை, உட்காரப் பெஞ்சு. எண்பத்தொன்றில் மானாம்பதிக்கு ஒரு ஹால்ட் போட்டுக் கொடுத்தார். அன்று முதல் நடவுக்கு நடந்த சண்டை போய், ஜன்னலோரத்துக்குச் சண்டை வந்தது. வண்டி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஆனால் அது போகிற வழியெல்லாம் வயல் இருந்தது. மாகறலில் கூலி நெல்லைப் படியின் தலையைத் தட்டாமல் குவித்து அளந்தார்கள். காலனிப் பெண்கள் எங்கே ஆள் வேண்டுமோ அங்கே சிவப்புத் துண்டைக் காட்டி இறங்கிக்கொண்டார்கள். முனியன் இடுப்பு கொஞ்சம் தேறி, பிளாட்பாரத்தில் வேர்க்கடலை விற்க உட்கார்ந்தான்.

எண்பத்துமூன்றாம் வருஷ நவரைக்கு மதகடி வயலில் நாற்று பறித்துக் கிடந்தது, ஆள் இல்லை. மேஸ்திரி பன்னீர்செல்வம் தானே சைக்கிள் ஏறி ஆள் கூப்பிட வந்தார். கேட் இறங்கியிருந்தது. அவர் அந்தப் பக்கம், பிளாட்பாரம் இந்தப் பக்கம். காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். தூக்கிய இடத்திலேயே இறங்கியது. வண்டி பிளாட்பாரத்தை விட்டு நகர்ந்தது. ஜன்னலோரம் செங்கேணி இருந்தாள்.

“ம்மே செங்கேணி! மதகடிக்கு ஆளு வோணும்! நிறுத்தச் சொல்லும்மே!”

“சிக்னல் வுயுந்துடுச்சி மேஸ்திரி. மாகறல் போய்ட்டு வரோம். இருங்க.”

வண்டி வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் கேட் தூக்கவில்லை. பின்னால் இன்னொரு வண்டி வருகிறது போல. மேஸ்திரி கொஞ்ச நேரம் கம்பியை முறைத்துப் பார்த்தார். அப்புறம் சைக்கிளைப் பூவரச மரத்தில் சாய்த்துவிட்டு, குந்தி, பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.