நின்றால் வரும் சத்தம்

ஓடும்போது வராத சத்தம், வண்டி நின்றால் மட்டும் வந்தது. அசோக்குமார் கடைசியாகப் பெண்டாட்டியிடம் போனில் சொன்னதும் அதைத்தான். "நின்னா சத்தம் வருது பாண்டி. ஓரங்கட்டிப் பாத்துட்டு வாரேன்."

திருநகர் தாண்டி ஓரங்கட்டினான். எஞ்சினை அணைக்காமல், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து காது கொடுத்திருக்கிறான். பின்னால் வந்த லாரி அவனை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பழைய பிக்கப்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஏழு மாதம் ஆகிறது.

அவன் அப்பன் மொக்கைச்சாமிக்கு லாரிக்காரன் மேல் இருந்ததைவிட மெக்கானிக் மேல் இருந்த கோபம் பெரிது. லாரிக்காரனை எங்கே போய்த் தேடுவது? மெக்கானிக் பழங்காநத்தத்தில் இருக்கிறான், பேர் ஜுல்பிகர். சாவதற்கு எட்டு நாள் முன்னால் இதே சத்தத்துக்காக வண்டியை அவனிடம்தான் விட்டு எடுத்திருந்தான் அசோக்குமார். ஒழுங்காகப் பார்த்திருந்தால் பிள்ளை ஏன் ரோட்டோரம் குனியப் போகிறான்? மொக்கைச்சாமி மூன்றாம் வகுப்போடு நின்றவர். இது புரிய அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

மருமகள் பாண்டீஸ்வரி வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அலங்காநல்லூரிலிருந்து கொய்யாக் கூடைகளை ஏற்றிக்கொண்டு புருஷன் போன தடத்திலேயே போவதாக முடிவு. "ஆனா சத்தம் என்னன்னு தெரியாம லோடு ஏத்த மாட்டேன் மாமா" என்றாள். நானும் வாரேன் என்று ஏறிக்கொண்டார் மொக்கைச்சாமி. சத்தம் தீருவது அவருக்கு முக்கியமில்லை. செய்த தப்பை ஜுல்பிகர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். வந்தால் அவனை ஊர் மந்தைக்கு இழுத்துப்போய் நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும்.

பட்டறை வாசலில் வண்டி நின்றதுமே சத்தம் ஆரம்பித்துவிட்டது. கிட்... கிட்கிட்... கிட். யாரோ கதவை நகத்தால் தட்டுகிற மாதிரி.

ஜுல்பிகர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். தாடி பாதி நரைத்த ஆள். "வாங்கய்யா" என்றான்.

"வந்துட்டேன். அன்னைக்கு என்னத்தைப் பாத்த?"

"எஞ்சின தாங்குற ரப்பர் பிஞ்சிருந்துச்சு, மாத்துனேன். மாத்தவும் சத்தம் நின்னுச்சு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வருதுன்னு தம்பி போன் பண்ணாப்ல. கொண்டாங்கன்னேன். லோடு இருக்கு, திங்கக்கெழம வாரேன்னாப்ல."

"செத்தவன் பேரைச் சொல்லித் தப்பிக்காத."

ஜுல்பிகர் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாமா, அவரு பாக்கட்டும்" என்றாள் பாண்டீஸ்வரி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

ஜுல்பிகர் பானெட்டைத் தூக்கினான். கிளட்சை மிதிக்கச் சொன்னான். சத்தம் மாறவில்லை. ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கச் சொன்னான். நின்றது. காலை எடுத்தாள். வந்தது. எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். அப்போதும் வந்தது. சைலன்சர் குழாயைக் காலால் அழுத்திப் பார்த்தான். அதுவும் இல்லை. பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"யார்கூடப் பேசுற?" என்றார் மொக்கைச்சாமி.

"எஞ்சின்கூடத்தான்யா. அது பொய் சொல்லாது."

"நீ சொல்லலாம்ல."

ஜுல்பிகர் கோபப்படவில்லை. ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான். "அப்ப நீங்களே கேளுங்க."

மொக்கைச்சாமி வாங்கிக் காதில் வைத்தார். நடந்து களைத்த மாட்டின் விலாவில் காதை வைத்தது போல, உள்ளே சீராக ஒரு துடிப்பு. கிட்கிட் அதில் இல்லை. அது கீழே, வெளியே எங்கோ இருந்தது.

"எஞ்சினுக்குள்ள ஒண்ணுமில்லய்யா. அடியில ஏதோ ஆடுது" என்று சொல்லி, ஜுல்பிகர் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்தான். பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றைத் தரையில் விரித்தான்.

"நானும் வாரேன். கீழ போயி நீ எதையாச்சும் கழட்டி ஒளிச்சிட்டன்னா?"

"வாங்க. தலைய மட்டும் பாத்துக்கங்க."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார்கள். ஜுல்பிகர் செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்தான். எண்ணெயும் புழுதியும் அப்பிய இரும்புக்கு நடுவில், எஞ்சினுக்கு அடியில் பாதி மூடியிருந்த மறைப்புக்கு மேல் இடுக்கில், ஏதோ சிவப்பாக மினுங்கியது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. ஒரு பக்கக் கட்டுக்கம்பி அறுந்திருந்தது. அறுந்த மூலை எஞ்சினின் ஆட்டத்துக்கு ஏற்றபடி இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தது. ஜுல்பிகர் ஒரு விரலால் அழுத்தினான். சத்தம் நின்றது. விரலை எடுத்தான். கிட். மறுபடி அழுத்தினான்.

மொக்கைச்சாமிக்கு அந்தத் தகட்டைத் தெரியும். போன ஆடியில், குறிசொல்கிற கோடாங்கி பிள்ளைக்குக் காவலாக மந்திரித்துக் கொடுத்தது. 'பிள்ளை வண்டியில் இரும்போடு இரும்பாகக் கட்டு, யார் கண்ணிலும் படக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது' என்று கோடாங்கி சொல்லியிருந்தார். மத்தியானம் பிள்ளை சாப்பிட்டு அசந்த நேரத்தில் அவரே அடியில் ஊர்ந்து போய்க் கட்டினார். நாலு சுற்று, இரட்டை முடிச்சு. ஊரில் எவனையும் நம்பாத மனுசன், தன் முடிச்சை நம்பினார். சத்தம் வருகிறது என்று பிள்ளை சொன்ன அன்றுகூட அந்தக் கட்டு அவர் நினைப்பில் வரவில்லை. மெக்கானிக் திருடன் என்றுதான் சொன்னார்.

"நான் இந்த இடத்தைப் பாக்கல" என்றான் ஜுல்பிகர் மெதுவாக. "ரப்பர் புதுசா இருக்கவும் ஆட்டம் கொறஞ்சு ரெண்டு நாளைக்கு இது தட்டல போல. இங்க ஒருதரம் லைட் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அது என் தப்புதான்யா."

வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் கேட்க நினைத்த வார்த்தை அதுதான். இப்போது கேட்டும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை நீட்டி, அறுபடாமல் இருந்த முடிச்சைத் தொட்டார். விரல் அதைப் பார்க்காமலே அவிழ்த்தது. ஜுல்பிகர் அந்த விரலைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

மேலேயிருந்து பாண்டீஸ்வரி கேட்டாள். "சத்தம் நின்னுருச்சு. என்ன பாய் அது?"

ஜுல்பிகர் குரலைத் தாழ்த்தினான். "ஏதோ பழைய தகரம்னு சொல்லிர்றேன்யா. நீங்க பேசாம இருங்க."

மொக்கைச்சாமி தகட்டை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். முழங்கையை ஊன்றி வெளியே வந்தார். வேட்டியெல்லாம் எண்ணெய். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று தகட்டை நீட்டினார்.

"நான் கட்டுனது ஆத்தா. கோடாங்கி குடுத்தது. கம்பி அந்துபோயித் தட்டியிருக்கு."

அவள் தகட்டை வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா பலிக்காதுன்னாரு. சொல்லல."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. பாண்டீஸ்வரி சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். பக்கத்து டீக்கடையில் யாரோ சில்லறை இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மொக்கைச்சாமி கையை இறக்காமல் நின்றார். ஜுல்பிகர் வந்து அந்தக் கையிலிருந்து தகட்டை எடுத்து, ஒரு துணியில் சுற்றி, அவர் சட்டைப் பையில் வைத்தான். பிறகு போய்ப் பெல்ட்டை மாட்டினான், கல்லை எடுத்தான், பானெட்டைச் சாத்தினான். அவசரப்படாமல் செய்தான்.

பாண்டீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினாள். மொக்கைச்சாமி முன்னால் போகவில்லை. பின்கதவைப் பிடித்து, கூடை வைக்கிற இடத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

வண்டி நகரவில்லை. கண்ணாடியில் அவள் அவரைப் பார்த்தாள்.

"முன்னாடி வாங்க மாமா. பின்னாடி ஆள் ஏத்துனா போலீஸ்காரன் பிடிப்பான்."

அவர் தயங்கினார். அவள் காத்திருந்தாள். நின்ற வண்டி சத்தமில்லாமல் நின்றது. மொக்கைச்சாமி காலை இறக்கினார்.