ஈடாக வந்தவள்

தவெங்வா என்று பெயர் சொன்னால், பஞ்சு விளைகிற கோக்வே பக்கத்தில் யாருக்கும் தெரியாது. பஞ்சுப் பொதியில் கிடந்தவன் என்றால் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். கொள்முதல் கிடங்கில் பொதியைப் பிரித்தபோது முதலில் வெளியே விழுந்தது அவனுடைய கை. பத்திரிகைகள் அந்தக் கையைத்தான் பெரிதாகப் போட்டன. முகத்தைப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனுடைய அக்கா செகேசாய்க்கு அது ஆறவே இல்லை.

அதனால்தான், இருபது வருடம் கழித்து, தலைநகர் ஹராரேயிலிருந்து ருவிம்போ என்ற பெண் வந்து இந்தக் கொலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன், நீங்கள்தான் தேடிப்போகிறவர், கேமரா உங்கள் பின்னாலேயே வரும் என்று சொன்னபோது செகேசாய் தலையாட்டினாள். தம்பி எப்படிச் செத்தான், சாகும்போது என்ன சொன்னான், அது தெரிந்தால் போதும் என்றாள்.

யார் கொன்றது என்று அவள் கேட்கவில்லை. அது ஊருக்கே தெரிந்த விஷயம். அன்றைக்குத் தவெங்வாவோடு வண்டியில் பஞ்சு ஏற்றிப் போனவன் ஏனோக். போலீஸ் அவனைப் பிடித்தது. விசாரணை வருமுன்னே லாக்கப்பில் செத்துப்போனான். ஆனால் கொலையுண்டவனுக்கு அது போதாது. செகேசாயின் வீட்டார் தவெங்வாவின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏனோக்கின் அப்பாவுடைய முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். கொன்ற வீட்டைச் செத்தவனின் ஆவியே கேட்டுக்கொள்ளும். ஈடு கிடைக்கும்வரை அந்த வீட்டில் ஒவ்வொருவராக எடுக்கும். பெட்டி மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தது. அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்துதான் அவர்கள் களி தின்றார்கள். அந்த மழையிலேயே ஏனோக்கின் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் காய்ச்சலில் போயின. காய்ச்சல் இல்லை, தவெங்வா என்றார் குறிசொல்கிறவர்.

ஏனோக்கின் அப்பா, அந்தக் கிழவர், பயந்துபோய், மன்னிப்புக் கேட்கும் முறைப்படி குனிந்து கை தட்டிக்கொண்டே வந்தார், பின்னால் மாடுகள். மாடுகளுக்குப் பின்னால் கடைசி மகள் முச்சனெதா, பள்ளிக்கூட உடுப்போடு. அவளை விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் தவெங்வா மண்ணுக்குள் போனான். அவள் வளர்ந்ததும் செகேசாயின் கடைசித் தம்பி ஜைரோஸுக்கு மனைவியானாள். முதல் பையனுக்குச் செத்தவனின் பெயரை வைத்தார்கள். ஈடு கொடுத்து வாங்கியாகிவிட்டால் இரண்டு வீட்டிலும் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அந்த வீட்டில் ஏனோக்கின் பெயரை யாரும் சொன்னதில்லை. அவளுடைய அம்மா செத்தபோதுகூட முச்சனெதாவை அனுப்பவில்லை. ஈடாக வந்தவளுக்குப் பிறந்த வீடு ஏது?

கேமராவைப் பார்த்ததும் ஜைரோஸ் சீறினான். "மாட்டைத் தின்னு முடிச்சாச்சுக்கா. இப்ப எலும்பைப் பொறுக்கவா வந்திருக்க?"

செகேசாய் பொறுக்கத்தான் போனாள். கிடங்கில் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் தேடினாள். பெரும்பாலோர் செத்திருந்தார்கள். மிச்சம் இருந்தவன் எடை போடுகிற லவ்மோர். இப்போது வெள்ளை அங்கி போட்டு, தலையை மழித்து, மரத்தடியில் கூடி ஜெபிக்கிற கூட்டத்தில் பெரியவன். பேத்தியைக் கூப்பிட்டுக் கேமராக்காரப் பிள்ளைகளுக்கு நாற்காலி போடச் சொன்னான். கடலை வறுத்துக் கொடுத்தான். தவெங்வா வண்டியிலிருந்து இறங்கியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். சந்தை விலை சொல்வது போல அவன் சொல்லிக்கொண்டே போனபோது, அவன் என்ன சொல்கிறான் என்று செகேசாய்க்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. எடை குறைத்துக் காட்ட, தராசுத் தட்டுக்கு அடியில் லவ்மோர் காலைக் கொடுத்துத் தாங்கியதைத் தவெங்வா பார்த்துவிட்டான். கத்தி ஊரைக் கூட்டுவேன் என்றான். ஏனோக் அப்போது வெளியே மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். இரும்புக் கம்பி பக்கத்திலேயே கிடந்தது.

"சபையில எல்லார் முன்னாலயும் சொல்லி அழுதுட்டேன். கழுவியாச்சு," என்றான் லவ்மோர். "போலீசுக்கு வேணா போங்க. ஆளைப் பிடிச்சு, அவன் செத்து, ஃபைலை மூடிட்டாங்க."

"ஆவிக்குக்கூடப் பயப்படலையா நீ?"

"பயந்தேன்மா. கதவுல ஆணி அடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அது என் வீட்டுக்கு வரல. அவங்க வீட்டுப் பிள்ளைங்க செத்ததும், அட, எனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்களும் மாட்டை வாங்கிட்டீங்க."

சாகும்போது என் தம்பி என்ன சொன்னான் என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "ஒண்ணும் சொல்லல. தண்ணி கேட்டான்."

கொடுத்தாயா என்று அவள் கேட்கவில்லை. அவன் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தான்.

வரும் வழியில், முச்சனெதா இதைக் கேட்கும்போது முகத்தை எடுக்க வேண்டும் என்று ருவிம்போ சொன்னாள். முதலில் நான் சொல்கிறேன், பிறகு எடு என்றாள் செகேசாய். வாசலிலேயே விஷயத்தைக் கேட்ட ஜைரோஸ் அவளை மாட்டுப்பட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். முச்சனெதாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, மாட்டைத் திருப்புவாயா, நாலு பிள்ளைகளைத் திருப்புவாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். செகேசாய் கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், முச்சனெதாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

முச்சனெதா களியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. அது இறுகியதும் சட்டியை இறக்கினாள்.

"உங்க தம்பி தண்ணி கேட்டாராக்கும்."

"ஆமா."

"தெரிஞ்சுக்கணும்னு அலைஞ்சீங்க. தெரிஞ்சுக்கிட்டீங்க." கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்கு அப்பவே தெரியும், மதினி. எம்மகன் செய்யலன்னு அழுதுகிட்டேதான் என்னைக் கூட்டிட்டு வந்தாரு. செய்யாதவன் எதுக்குடா கொடுக்கிறான்னு உங்க வீட்டு ஆளுங்க சிரிச்சாங்க. நீங்களும் அங்க நின்னீங்க."

செகேசாய் நின்றது உண்மை. சிரித்தாளா என்று அவளுக்கு நினைவில்லை.

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"யார்கிட்ட?" என்றாள் முச்சனெதா. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்ப என்னை யார்கிட்டத் திருப்பிக் கொடுப்பீங்க? அப்பா இல்ல. அம்மா இல்ல. அந்த முத்தத்துல பெட்டி கிடந்ததுன்னு இன்னைக்கும் ஒருத்தன் வீடு கட்டல."

வெளியே மூத்த பையன், செத்தவனின் பெயர் கொண்டவன், அப்பாவின் பக்கத்தில் போய் நின்றிருந்தான். அம்மாவைப் பார்த்து, பசிக்கிறது, என்ன பேச்சு என்று அதட்டினான். அவள் களியைத் தட்டில் போட்டு அவர்களுக்கு அனுப்பினாள். பிறகு ருவிம்போவைக் கூப்பிட்டு, கேட்கிறதைக் கேளுங்கள் என்றாள்.

கேள்வி தேவைப்படவில்லை. ஏனோக் என்று அவள் சத்தமாக ஒருமுறை சொன்னாள். வெளியே ஜைரோஸ் ஏதோ கத்தினான். அவள் மறுபடியும் சொன்னாள். ஏனோக்குக்கு இடது கையால்தான் எல்லாம் வரும் என்றாள். அவளைத் தோளில் வைத்து ஆற்றைத் தாண்டுவான். லாக்கப்பிலிருந்து வந்த உடம்பில் நகங்கள் இல்லை; அந்தக் கைகளைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

செகேசாய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தன் கையை அவள் முழங்காலில் வைக்கப் போனாள்.

ருவிம்போ கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னாள். "அக்கா, கொஞ்சம் வெளிய போயிடுறீங்களா? அவங்க மட்டும் போதும்."


செகேசாய் எழுந்து போனாள். வாசலில் அவளுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள்.