தாய்மாமனுக்கு ஒரு போட்டோ

ஜெபஷீலாவின் தோழி ஒருத்திக்கு இங்கிலாந்தில் கல்யாணம் நடந்ததாம். பழைய பிரபு வீடு, பச்சைப் புல்தரை, வசந்த காலம். படங்களில் ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. "அண்ணே, என் கல்யாணத்துக்கும் இப்பிடித்தான் வேணும்" என்று போட்டோக்காரனான என் மூக்குக்கு நேரே போனை நீட்டினாள்.

தேனியில் வசந்தத்துக்கு நான் எங்கே போவேன்? மாசி முடிந்தால் இங்கே மண்டையைப் பிளக்கும் வெயில்தான். ஆனால் அவள் அப்பா பொன்னுராஜ் ஜவுளிக்கடைக்காரர். மகள் கேட்டால் மலையையே வாடகைக்குப் பிடிப்பார். பிடித்தும் விட்டார். போடிக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பங்களா. புகைக்கூண்டு உண்டு, ரோஜாச்செடி உண்டு. மேடை மட்டும் கிடையாது. மேடை போட்டால் இங்கிலாந்து கெட்டுவிடுமாம்.

காலையில் சர்ச்சில் தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் மலையேறி வந்தார்கள். நான் செடி மறைவில் பதுங்கிப் பதுங்கிப் படம் எடுத்தேன். லென்ஸ் கண்ணில் பட்டதுதான் தாமதம், சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார்கள்.

"இங்கன பாக்காதீக, சும்மா பேசிக்கிட்டு இருங்க" என்றேன்.

"பாக்காம எப்பிடிப்பா போட்டோ எடுக்குறது?" என்று என்னையே திட்டினார்கள்.

விறைக்காத ஒரே ஆள், பெண்ணின் தாய்மாமன் ஞானசிகாமணி. தன் மகனுக்கு ஜெபஷீலாவைக் கேட்டுக் கிடைக்காத கோபத்தில், மூன்று வருஷமாகத் தங்கை வீட்டு வாசலை மிதிக்காதவர். அந்தத் தங்கை, பெண்ணின் அம்மா ஜெபராணி, போய் அழுது அழைத்து வந்திருந்தாள். ரோஜாவைப் பார்த்தபடி தனியாக நின்றார். அடடா, பங்களா கட்டிய துரைகூட அப்படி நின்றிருக்க மாட்டார்! அவரைப் படம் படமாக எடுத்துத் தள்ளினேன்.

இலை போடும் நேரத்தில் அவர் விறுவிறுவென்று ஜீப்பில் போய் ஏறினார்.

"என்னண்ணே, சாப்புடாமப் போறீக?" ஜெபராணி பின்னாலேயே ஓடினாள்.

"தாய்மாமன்னு ஒருத்தன் வந்தேனே, பொண்ணு பக்கத்துல நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தாகளா? கூப்புடுவாக, கூப்புடுவாகன்னு காலையிலருந்து நிக்கிறேன்."

கேமராவோடு ஓடினேன். "அண்ணாச்சி, உங்களத்தான் அதிகமா எடுத்திருக்கேன். பாருங்க."

பார்த்தார். முகம் இன்னும் கறுத்தது. "கூப்புடாம எடுத்ததெல்லாம் போட்டோவாப்பா? களவாணியப் புடிக்கிற மாதிரி எடுத்து வச்சிருக்க."

ஜெபராணி ஜீப் கதவை விடவில்லை. இன்றைக்குப் போனால் அண்ணன் இனி வரவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஜெபஷீலா வெள்ளைக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா, எறங்குங்க. அண்ணே, நேரா நிக்க வச்சு எடுங்க. எல்லாரும் கேமராவப் பாருங்க!"

இதற்காகவே காத்திருந்ததைப் போல ஜனம் ஜீப் ஓரமாகவே வரிசை கட்டியது. மாமா இறங்கி, பெண்ணுக்கும் தங்கைக்கும் நடுவில் விறைத்து நின்றார். எடுத்து முடித்து அவரிடம் காட்டினேன். ஜெபராணி அவருடைய சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சலவைச் சட்டை தோள்வரை கசங்கி இழுபட்டிருந்தது.

"கம்ப்யூட்டர்ல அந்தக் கைய அழிச்சு, சட்டைய நேராக்கிருவேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் கைய அழிச்சே, ஒன் கைய ஒடிச்சிருவேன்" என்றார்.

பிறகு தங்கையைப் பார்த்து, "எங்கன ஆத்தா எல போட்டுருக்கு?" என்றார்.