ஏழாம் அறை மாப்பிள்ளை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். காது கேட்காதவர், கேட்டும் கேட்காததுபோல் இருப்பவர், கேட்டுவிட்டு முடியாது என்பவர் என்று ஒரு மாடி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் விடிந்த மாதிரிதான். ஆனால் வருஷா வருஷம் நடக்கும் பயிற்சியில் 'பேச்சு' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். போன வருஷம் அதில்தான் கோட்டை விட்டேன். பயிற்சி கொடுக்க வந்த பெண் நோயாளி மாதிரி கட்டிலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் சொல்ல வேண்டிய வாக்கியம், "ஐயா, உங்கள் அனுமதியோடு உங்களை எழுப்பலாமா?" நான் சொன்னது, "நடிச்சது போதும், எழுந்திரும்மா, வேலை கெடக்கு."

மூன்று பாடம். கவனிப்பு, கைவேலை, பேச்சு. போன வருஷம்வரை மூன்றிலும் தேற வேண்டும், இந்த வருஷத்திலிருந்து இரண்டில் தேறினால் போதும். அந்த ஒரு தடவை தோற்றதற்கு மேனேஜர் ஒரு வருஷம் தவணை கொடுத்தார். "இந்தத் தடவையும் போச்சுன்னா மாடியில உங்களை வெச்சிருக்க முடியாதும்மா. ஒரு மாசம் கீழ லாண்டரியில இருந்துட்டு வாங்க" என்றார்.

லாண்டரி என்றால் மற்றவர்களுக்குச் சலவை யந்திரம், சூடு, சோப்பு வாசனை. எனக்கு லாண்டரி என்றால் என் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. கீழ்த்தளத்தில் நான்கு யந்திரங்களுக்கும் மூன்று பெண்களுக்கும் அவள்தான் ராணி. அவள் மடிக்கும் துண்டில் ஓரம் வெளியே தெரியாது. மூன்று மடிப்பு, ஓரம் உள்ளே. எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தாலும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே அலமாரியைத் திறந்து என் துண்டுகளைப் பிரித்து மறுபடி மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அவளுக்குக் கீழே ஒரு மாதம் வேலை பார்ப்பதைவிட வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்கும் அவள் வருவாளே.

ஆகவே இந்த வருஷம் தேறியே தீருவது என்று முடிவு செய்தேன். பேச்சுப் பாடம் எனக்கு வராது. அது ஊருக்கே தெரியும். கைவேலையில் என்னை அசைக்க ஆள் இல்லை. மிச்சம் கவனிப்பு. அதிலும் எனக்குப் பயமில்லை. கண்ணால் பார்க்காமல் சார்ட்டில் ஒரு வரி எழுத மாட்டேன் என்று இருபத்திரண்டு வருஷமாக எல்லோரிடமும் மார்தட்டிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. புதுப் பயிற்சியாளர் சின்னப் பெண். எல்லோரையும் 'அக்கா' என்றாள், அறுபது வயது வாட்ச்மேனைத் தவிர. அவள் கூடவே ஒரு ரப்பர் பொம்மையும் வந்திருந்தது. ஆள் உயரம், முப்பது கிலோ கனம், தலையில் கம்பளிக் குல்லா. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, புரட்டிப் படுக்க வைக்க, முதுகு துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். இரண்டு பேர் தூக்க, ஒருத்தி தலையைப் பிடிக்க, இன்னொருத்தி காலை நேராக்க, அதுபாட்டுக்கு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு விறைப்பாகக் கிடந்தது. "மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரியே இருக்காரு" என்றேன். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் பயிற்சி அறையின் கூரையில் குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. மாப்பிள்ளை நனையக் கூடாது என்று பயிற்சியாளர் அதைத் தூக்கிப் போய் இரண்டாம் மாடியில் ஏழாம் அறையில் காலியாக இருந்த கட்டிலில் படுக்க வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று தலைமாட்டில் பலகையும் மாட்டிவிட்டாள். 'வயது 78. பேச்சு இல்லை. தானாகப் புரள முடியாது.' கூடவே ஒரு புதுச் சார்ட். மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். மேனேஜர் எல்லோரிடமும் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டார் என்பது அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஏழாம் அறையின் இன்னொரு கட்டிலில் இருப்பவர் ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். இடுப்பு எலும்பு முறிந்து ஆறு வாரமாகப் படுக்கையில். தன்னை யாரும் தொடக் கூடாது, காலுறையைக் கழற்றக் கூடாது, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடக் கூடாது என்று அவருக்குத் தனிச் சட்டம். அவர் வாய்க்குப் பயந்து மூன்று பேர் அறை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தது.

புதன்கிழமைக் காலையில் வேலைக்கு வந்தேன். ஒன்பது மணிக்கு வகுப்பு. எட்டே முக்காலுக்கு ஏழாம் அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பக்கக் கட்டிலில் யாரோ சுவரைப் பார்த்துத் திரும்பி, காதுவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தலைமாட்டில் காலித் தட்டு.

"புது ஆளா? எப்படி இருக்காரு?" என்றேன்.

"தங்கமான மனுஷன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. "நேத்துலேர்ந்து எதுத்து ஒரு வார்த்தை பேசல. குறட்டை இல்ல, இருமல் இல்ல. இந்தாம்மா, அவரை எழுப்பிடாத. நிம்மதியாத் தூங்குறாரு."

"சாப்பிட்டாரா?"

"தட்டு காலியா இருக்குல்ல?" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

மணி எட்டு ஐம்பத்திரண்டு. சார்ட்டை எடுத்தேன். இரவு டியூட்டி எழுதியிருந்தது: 'நன்றாகத் தூங்கினார். தொந்தரவு இல்லை. தோல் நன்றாக உள்ளது.' அதற்குக் கீழே நானும் எழுதினேன்: 'காலை உணவு முழுவதும் சாப்பிட்டார். தோல் நன்றாக உள்ளது.' கையெழுத்தும் போட்டேன். மாற்றுச் சட்டையும் துண்டும் கால்மாட்டில் மடித்து வைத்திருந்தது. எழுந்தபின் யாராவது மாற்றிவிடட்டும் என்று வகுப்புக்கு ஓடினேன். அன்றைய வகுப்பின் தலைப்பு 'பார்த்த பின் எழுது'. கேட்டுக்கொண்டே நான் தலையை ஆட்டினேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

மத்தியானம் மாடி டெலிபோன் அடித்தது. நாத்தனார்.

"ஏழாம் ரூம், ரெண்டாம் கட்டில்லேர்ந்து வந்த துண்டு இருக்கே..."

"அண்ணி, உங்க துண்டுப் பஞ்சாயத்து எல்லாம் அப்புறம். இங்க உயிரோட இருக்குற மனுஷங்களைப் பார்க்கணும்" என்று டக்கென்று வைத்துவிட்டேன். மனசுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க வெறும் பாடம்தான், படம் போட்டுக் காட்டினார்கள். பொம்மையை யாரும் தேடவில்லை. ஏழாம் அறைப் புது ஆளைப் பற்றி மாடி முழுக்க நல்ல பேச்சு. தொந்தரவே இல்லாதவர், மணி அடிக்காதவர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரின் எடை மட்டும் ஒரு கிலோ ஏறியிருந்தது. நல்ல துணை கிடைத்ததால் மனுஷன் தேறிவிட்டார் என்று நானே ஒரு காரணமும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் கட்டங்கள். ஆளைப் பார்க்காமல் கட்டத்தையே பார்த்துப் பேசும் மனிதர். என் முறை வந்ததும், "ஏழாம் அறை, இரண்டாம் கட்டில். இவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, புரட்டிப் படுக்க வையுங்கள்" என்றார். பின்னால் பயிற்சியாளர் எனக்குக் கட்டைவிரல் காட்டிச் சிரித்தாள்.

நான் சார்ட்டை விரித்து கணீரென்று படித்தேன். மூன்று நாளும் நல்ல தூக்கம். மூன்று வேளையும் முழுச் சாப்பாடு. ரத்த அழுத்தம் எட்டுத் தடவை பார்த்ததில் எட்டுத் தடவையும் நூற்றிருபது, எண்பது. சட்டை தினமும் மாற்றப்பட்டது. உடற்பயிற்சி: 'நோயாளி எந்த மறுப்பும் தெரிவிக்கவில்லை.' தோல் நன்றாக உள்ளது, நன்றாக உள்ளது, நன்றாக உள்ளது. படிக்கப் படிக்கப் பயிற்சியாளரின் சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை.

"ஐயா, உங்கள் அனுமதியோடு உங்களைப் புரட்டலாமா?" என்று தேன் ஒழுகக் கேட்டேன். ஐயாவிடமிருந்து பதில் இல்லை. போர்வையை விலக்கினேன்.

மாப்பிள்ளை.

என் முகத்தில் அசடு வழிந்தது எனக்கே தெரிந்தது. இது தேர்வுக்காக வைத்த பொம்மை, சார்ட்டும் தேர்வுக்காக எழுதினதுதானே என்று தேர்வாளர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்திருந்தால் தப்பியிருக்கலாம். கை தன் பழக்கத்தில் பொம்மையைப் புரட்டியது. இடுப்புக்குக் கீழே, நாலணா அகலத்துக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

"படுக்கைப் புண்" என்றாள் பயிற்சியாளர் மெல்ல. "செவ்வாய்க்கிழமையே ஒட்டினேன் அக்கா. கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்க்க."

செவ்வாய், புதன், வியாழன். தோல் நன்றாக உள்ளது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. பொம்மை போகட்டும். இதே பேனாவால், இதே அவசரத்தில், பக்கத்துக் கட்டிலின் சார்ட்டிலும் இதையேதானே எழுதியிருந்தேன்?

பொம்மையை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன்.

"இன்னும் நேரம் முடியலையே" என்றார் தேர்வாளர்.

"ஐயா, உங்கள் அனுமதியோடு உங்கள் காலுறையைக் கழற்றலாமா?"

"முடியாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஐயா, தயவுசெய்து..."

"தொடாதன்னா தொடாத. அவரைப் பாரு, எவ்வளவு மரியாதையா நடந்துக்கறாரு."

அவ்வளவுதான். "யோவ் பெரிய மனுஷா" என்று ஆரம்பித்தேன். "ரப்பர் பொம்மைக்கு வந்த சாப்பாட்டை மூணு நாளா மூணு வேளையும் முழுங்கிட்டு எனக்கே மரியாதை சொல்லித் தரீரா? இப்ப கால நீட்டுறீரா, இல்ல உம்ம பொண்ணுக்குப் போன் போட்டு ரெண்டு தட்டு கதையைச் சொல்லட்டுமா?"

அவர் காலை நீட்டினார். சத்தமில்லாமல், பள்ளிக்கூடத்துப் பையன் கையை நீட்டுவதுபோல நீட்டினார். காலுறையை உருவினேன். குதிகாலில் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை; படுக்கைப் புண்ணின் தொடக்கம். அது ஸ்டிக்கர் இல்லை. தோல் இன்னும் கிழியவில்லை, அதுவரை கடவுள் புண்ணியம். இன்னும் நான்கு நாள் போயிருந்தால் கிழிந்திருக்கும்.

"வலிக்கலையா உங்களுக்கு?" என்றேன்.

"வலிச்சுது" என்றார் அவர் சுவரைப் பார்த்தபடி. "யாரும் கேக்கல."

குதிகால் மெத்தையில் படாமல் காலுக்குக் கீழே தலையணை வைத்தேன். டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்று பலகையில் எழுதினேன். பிறகு தேர்வாளரிடம் சார்ட்டை நீட்டி, "இது தேர்வுக்காக எழுதினது இல்ல சார். நெஜமாவே நாங்க எழுதினது. இந்தக் கையெழுத்து என்னோடது" என்றேன். அவர் முதல் தடவையாக அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தினார். சார்ட்டை ஒரு தடவை, பொம்மையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

மாலையில் முடிவு வந்தது. கைவேலை: மிக நன்று. பேச்சு: தேறவில்லை, 'யோவ்' என்று அடைப்புக்குள் குறிப்பு. கவனிப்பு: 'பொம்மைக்குக் காலை உணவு கொடுத்ததாகக் கையொப்பமிட்டுள்ளார், தேறவில்லை.' குதிகாலைக் கண்டுபிடித்ததற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லையாம். சார்ட்டில் கையெழுத்துப் போட்ட மற்ற ஆறு பேருக்கும் அடுத்த மாதம் மறுபயிற்சி. எனக்கு இது இரண்டாம் தடவை என்பதால் லாண்டரி.

திங்கட்கிழமைக் காலையில் படியிறங்கினேன். நாத்தனார் எனக்காகவே காத்திருந்ததுபோல் நடு மேசையில் நின்றாள். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. மேசைமேல் மூன்று துண்டு, மூன்று சட்டை. மூன்று மடிப்பு, ஓரம் உள்ளே.

"இது என்ன தெரியுதா?" என்றாள்.

"நீங்க மடிச்ச துண்டு."

"செவ்வா, புதன், வியாழன் மூணு நாளும் ஏழாம் ரூம் ரெண்டாம் கட்டிலுக்கு மேல அனுப்பினது. மூணு நாளும் அழுக்குக் கூடையில திரும்பி வந்துச்சு. என் மடிப்பு கலையாம வந்துச்சு. உயிரோட ஒரு மனுஷன் அந்தக் கட்டில்ல இருந்தா ஒரு துண்டையாவது கசக்க மாட்டானா? புதன்கிழமையே எனக்குத் தெரியும், அங்க ஆளே இல்லன்னு."

"அப்புறம் ஏன் அண்ணி சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"போன் பண்ணேனே" என்றாள் அவள். "உயிரோட இருக்குறவங்களைப் பார்க்கணும்னு வெச்சுட்டியே."

எனக்கு வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்கு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"ஓரம் உள்ள" என்றாள் நாத்தனார்.

பிரித்து, ஓரத்தை உள்ளே வைத்து மறுபடி மடித்தேன்.