கட்டாமல் வந்த புகையிலை

கனிசியஸின் பாய்க்கப்பல் சுங்கக் கந்தோருக்கு முன்னால், பாய்கள் கழற்றப்பட்டு, வெறும் மரத்தோடு நின்றது. அவன் ஏற்றியது புகையிலைச் சிப்பங்கள்தான். ஆனால் மூன்று சிப்பங்களின் நடுவில் செப்புக் கம்பி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் செம்பு நாட்டைவிட்டுப் போகக்கூடாது. வைத்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கனிசியஸ் ஒன்றும் அறியாதவன் என்பதை விசாரித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். கப்பலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வல்வெட்டித்துறையில் இதைக் கேட்டு நித்திரையில்லாமல் போனவள் நாகேஸ்வரி. அவளிடமும் ஒரு பாய்க்கப்பல் இருந்தது. வீட்டோடு சேர்த்து அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. அவளுடைய கணவன் நடராசா அதற்குத் தண்டையல். கடலில் கப்பலை நடத்துகிறவன். உரும்பிராய் வியாபாரி இராசநாயகத்தின் புகையிலையை மலையாளக் கரைக்கு ஏற்றுவதென்று ஏற்கெனவே பேச்சாகியிருந்தது.

அவள் நேரே சுங்கக் கந்தோருக்குப் போனாள். அங்கே சிவசுப்பிரமணியம் என்ற உத்தியோகத்தர் இருந்தார். தெரியாமல் நடந்ததற்கு எப்படித் தண்டனை என்று கேட்டாள். அவர் எரிந்து விழவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லி, சட்டத்தைப் பிரித்துக் காட்டினார்.

களவு வழக்கென்றால், செய்தவன் மனதறிந்து செய்தானா என்று சட்டம் பார்க்கும். ஏற்றுமதிச் சட்டம் மனதுக்குள் போவதில்லை. தடுத்த சரக்கு கப்பலில் இருந்ததா இல்லையா என்பது ஒன்றுதான் அதன் கேள்வி. ஏனென்றால், 'எனக்குத் தெரியாது' என்று எல்லாத் தண்டையலும் சொல்லலாம்; ஒருவருடைய மனதைத் திறந்து பார்க்க ஒருவராலும் முடியாது. சிப்பத்தைத் திறந்து பார்க்கலாம். செம்புக்குக் கால் இல்லை. அது கடலைத் தாண்டவேண்டுமென்றால் யாராவது ஒருவர் சுமக்கவேண்டும். அந்த ஒருவரைப் பிடித்தால் மற்ற வழியெல்லாம் அடைபடும்.

உள்ளே வேறொன்றும் இல்லையென்று வியாபாரியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் போதாதா என்று நாகேஸ்வரி கேட்டாள். அந்தக் கடிதத்தைக் கொண்டு பிறகு அவர்மேல் வழக்குப் போடலாம், ஆனால் கப்பல் திரும்பி வராது என்றார்.

"அப்ப நான் என்னதான் ஐயா செய்யிறது?"

"திறந்து பாருங்கோ, தங்கச்சி. பாக்கக்கூடிய ஆள் நீங்கள் எண்டபடியால்தான் சட்டம் உங்களைப் பிடிக்குது."

வீட்டுக்கு வந்து, சிப்பங்களை அவிழ்த்துப் பார்த்துத்தான் ஏற்றவேண்டும் என்றாள். நடராசா முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. பதப்படுத்திய புகையிலையை ஓலைப்பாயில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, மேலே வியாபாரி தன் குறியைப் போட்டுவிட்டால், இறங்குகிற துறையில்தான் அது அவிழும். நடுவில் திறந்தால் கடற்காற்றில் இலை முறுகி நொறுங்கும். அது போகட்டும், மரியாதை என்ன ஆவது?

"ஒருத்தற்றை சிப்பத்தை அவிழ்க்கிறதும் மடியைத் தடவிப் பாக்கிறதும் ஒண்டு. பிறகு ஆர் எங்களுக்குச் சரக்குத் தருவினம்? உம்மடை கப்பலிலை காத்தைத்தான் ஏத்தவேணும்."

அவன் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. அன்று முழுவதும் சோறு வடிக்கும்போதும் வளவு கூட்டும்போதும் அதையே புரட்டிக்கொண்டிருந்தாள். ஓலைகளைக் கூட்டி அள்ளி, கயிற்றால் கட்டப் போனவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்கோ, கட்டினதை அவிழ்க்கிறதுதானே அவமானம்? கட்டாமல் வந்தால்?"

இராசநாயகம் சால்வையும் வேட்டியுமாக வந்தபோது, அவள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். இலையை ஈரச்சாக்கு மூடி லொறியில் உதிரியாக அனுப்பவேண்டும். கரையோரம் காற்றுப் புகாமல் அடைத்த ஒரு கொட்டில் போட்டு, அங்கே அவருடைய ஆட்களுக்கு முன்னால் தன் ஆட்கள் கட்டித் தருவார்கள்; குறியை அவருடைய ஆளே போடலாம். கட்டுக் கூலி தன்னுடையது.

"என்னிலை சந்தேகமோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. உங்களுக்குத் தெரியாமல் ஒருத்தன் வைச்சாலும் போறது என்ரை கப்பல்."

அவர் தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டு எழும்பிப் போனார். வேறு கப்பல் இல்லாமலா போய்விடும் என்று படலையில் நின்று சொன்னது அவளுக்குக் கேட்டது.

ஆனாலும் கொட்டில் எழுந்தது. வேலைக்குக் கூப்பிடாமலே வந்தவன் கனிசியஸ். தென்னோலைக் கிடுகு கட்டினான், மணலை நனைத்து மட்டப்படுத்தினான். கப்பல் இருந்த காலத்தில் இப்படியொருத்தி எனக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன் என்றான். நடராசா அந்தப் பக்கம் பார்க்காமல் பாய் தைத்தான்.

மற்றக் கப்பல்கள் ஒன்றொன்றாகச் சரக்கேற்றிப் போயின. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் அது எதிர்முகமாக அடிக்கும். பிறகு மலையாளக் கரைக்குப் போக முடியாது. புதுக்கொட்டிலில் புகையிலை இல்லை, அயல்வீட்டு ஆடுகள்தான் படுத்திருந்தன. "நல்ல சரக்கு. திறந்து பாக்கவும் தேவையில்லை" என்றான் நடராசா. அவள் ஆடுகளை விரட்டினாள். கொட்டிலைப் பிரிப்பதா என்று அவளும் ஒருமுறை யோசித்தாள்.

ஒரு காலை, லொறிச் சத்தம் கேட்டது. ஈரச்சாக்குகளின் மேல் இராசநாயகத்தின் ஆட்கள் இருந்தார்கள். முன்னால் இருந்து அவரே இறங்கினார். சால்வையை உதறித் தோளில் போட்டு, கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

"உம்மோடை கோவிச்சுக்கொண்டு போய், என்ரை கட்டு சுத்தம் எண்டு எனக்கே காட்ட ஒண்டை அவிழ்த்தன்" என்றார். சாக்கொன்றைத் தூக்கி இலையைக் காட்டி, "பிறகு மிச்சத்தையும் அவிழ்த்துப்போட்டன்."

என்ன கிடந்தது என்று அவளும் கேட்கவில்லை. தேத்தண்ணி வைக்கப் போனாள்.

கனிசியஸ் ஒவ்வொரு படையாக இலையை விரித்து, உள்ளங்கையால் தடவி, சுற்றி, முழங்காலால் அமுக்கி முடிச்சுப் போட்டான். இராசநாயகத்தின் ஆள் குறியைப் போட்டான். சிவசுப்பிரமணியம் வந்து சில சிப்பங்களில் இரும்பூசியைக் குத்தி இழுத்தார். புகையிலை மணம்தான் வந்தது. போகும்போது கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, நனைத்த மணல் எதற்கென்று கேட்டார். இலை முறுகாமல் இருக்க என்று கனிசியஸ் விளக்கினான். அடுத்த பயணத்துக்கு இன்னும் இரண்டு வியாபாரிகள் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்கள். கனிசியஸுக்கு அந்தக் கொட்டிலே வேலையாகிவிட்டது.

கப்பலுக்குப் போகும் வள்ளம் கரையைவிட்டுக் கிளம்பும் நேரத்தில், நாகேஸ்வரியின் தாய் இரத்தினம்மா பனையோலையில் பின்னிய பையான உமல் ஒன்றை வாய் தைத்துக் கொண்டுவந்தாள். மலையாளக் கரையில் இருக்கும் உறவுக்காரருக்குப் பனாட்டு, பனம்பழக் களியைக் காயவைத்த தின்பண்டம், வருடாவருடம் அனுப்புவதுதான். மருமகன் கையில் கொடுத்தாள்.

நடராசா அதை வாங்கினான். மனைவியைப் பார்த்தான். அவன் மடியிலிருந்து கத்தியை எடுத்தான்.

"என்ன தம்பி, என்னையுமோ?"

"கப்பல் உங்கடை மகளின்ரை சீதனம், மாமி" என்றான் அவன், தையலை அறுத்துக்கொண்டே.

உள்ளே பனாட்டுத்தான் இருந்தது. ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, இது ஏற்றலாம் என்று உமலைக் கனிசியஸிடம் தைக்கக் கொடுத்தான்.