ஏத்துக்கல

அலமாரியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கட்டிலில் போட்டாள் அக்கா. எல்லாவற்றிலும் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி ஒரு பிளவு, அதில் வரிசையாகப் பிரஸ் பட்டன். ஊசி குத்த வசதியாக இருக்கட்டும் என்று அவளே தைத்துக் கொடுத்தவை. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டில், தங்கைக்குக் கடைசியாகப் போட்டுவிட முழுசாக ஒரு சட்டை இல்லை.

கூடத்தில் உயிரடங்கிக் கிடந்தாள் சோம்பு. சின்ன வயதில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாள் என்று சோம்பேறி என்றார்கள். உடம்பில் ரத்தம் ஊறவில்லை, ஆயுசுக்கும் வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்று தெரிந்த பிறகு அந்தப் பேரைப் பாதியாக நறுக்கிக்கொண்டார்கள். வெட்கம்தான், வேறென்ன.

சித்தப்பா தன் சட்டைக் கையை மடித்துவிட்டபடி புலம்பிக்கொண்டிருந்தார். "ரத்தம் கிடைக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்தானே!"

அவளைப் பல வருஷமாகப் பார்த்துவந்த டாக்டர் நாற்காலி நுனியில், தண்ணீர் டம்ளரும் கையுமாக இருந்தார். "குரூப் மட்டும் ஒண்ணா இருந்தா போதாதுங்க. அதுக்குள்ள நுணுக்கமா இன்னும் எத்தனையோ இருக்கு. அடிக்கடி ஏத்தினதுல, மத்தவங்க ரத்தத்தை எதிர்த்து அழிக்கிற சக்தி அவளுக்குள்ள உண்டாயிடுச்சு. அப்புறம் எந்த ரத்தப் பையும் சேரல. என்ன செய்யறது, அவ உடம்பு ஏத்துக்கல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. சட்டையோடு கூடத்துக்கு வந்தாள்.

"எதை ஏத்துக்கல டாக்டர் அவ?"

"இல்லம்மா, நான் சொன்னது..."

"நரம்பு கிடைக்கலேன்னு கண்ட இடத்துல குத்தினாங்க, ஏத்துக்கிட்டா. இந்த உடம்போட வேலைக்கு வராதேன்னு முதலாளி அனுப்பினான், ஏத்துக்கிட்டா. பொண்ணு பார்க்க வந்தவங்க பாதியில எழுந்து போனாங்க, சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிட்டா. அந்த நுணுக்கத்தையும் பார்த்து ஏத்துங்க, வேற ஆஸ்பத்திரியில பார்க்கிறாங்களாம்னு ஆரம்பத்துலயே உங்க கால்ல விழாத குறையா கெஞ்சினேனே, என்ன சொன்னீங்க? குரூப் ஒண்ணுதானே, அது போதும்னீங்க. அதையும் ஏத்துக்கிட்டா! ஏத்தினது நீங்க. பழி அவ உடம்பு மேலயா?"

டாக்டர் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார். சித்தப்பா மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

"விடுடி," என்றாள் அம்மா. "இவ்வளவு சத்தம் போட்டா அவ கோச்சுக்குவா."

"கோச்சுக்கட்டும்மா. ஒரு தடவையாவது கோச்சுக்கட்டும்."

அக்கா அங்கேயே, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, நீலச் சட்டையை மடியில் விரித்துக்கொண்டாள். கத்தரியால் பட்டன்களை வெட்டி எடுத்தாள். பிளவின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, முழங்கைக்கு மேலிருந்து கீழ்நோக்கி நெருக்கமாகத் தைக்கத் தொடங்கினாள்.

டாக்டர் எழுந்து, வருகிறேன் என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவள் நிமிரவில்லை. மணிக்கட்டு வந்ததும் முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.