அறுபத்துநாலாம் பக்கம்

வெம்பிளியில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நூலகம் என்றால் இரண்டு இரும்பு அலுமாரி, ஒரு திகதி முத்திரை, பிறகு நான். 1992 மார்ச்சில் ஒரு மத்தியானம் நிர்வாகசபைத் தலைவர் கனகலிங்கம் வந்து என் மேசையில் கையை ஊன்றினார். நல்ல மனிதர்தான். ஆனால் மற்றவர்களின் மனம் எதற்கு நோகும் என்பதை அவர்களைக் கேட்காமலே முடிவுசெய்துவிடுவார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சிவமலர் ரீச்சர், அந்தப் புத்தகத்தை எடுத்துத் தாங்கோ."

எது என்று கேட்கத் தேவையில்லை. ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தை விட்டு வந்த ஒருவர் எழுதியது. அதன் அறுபத்துநாலாம் பக்கத்தில் செம்பியன் என்ற போராளி மலேரியாக் காய்ச்சலில் அழுதபடி அம்மா வைத்த தேங்காய்ப்பால் சொதி வேண்டும் என்று கேட்கிறான். விடியுமுன் செத்துப்போகிறான்.

"பிள்ளையளை இயக்கத்துக்குக் குடுத்த குடும்பங்கள் வாற பள்ளிக்கூடம் இது. போராளி அழுதான் எண்டு வாசிச்சால் அதுகளின்ரை மனம் என்ன பாடுபடும்?"

"வாசிக்கிறதும் விடுறதும் அவையின்ரை விருப்பம், அண்ணை. நான் தரமாட்டன்."

"அப்ப இதை ஆர் கொண்டுபோனது? கார்ட்டைக் காட்டுங்கோ."

கார்ட்டில் ஒரே பெயர்தான், ஆறு தடவை. ஊரில் இன்னும் சொந்தங்கள் உள்ளவரின் பெயர். அது வெளியே போனால் அங்கே இயக்கத்து ஆட்கள் யாருடைய கதவைத் தட்டுவார்களோ. கார்ட்டையும் புத்தகத்தையும் சேர்த்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

"ஏலாது."

"சரி. ஒரு தாயின்ரை வாயாலையே கேளுங்கோ."

தேநீர் மேசையில் நின்ற டொலறஸ் அக்காவை அவர் கூப்பிட்டார். கார்ட்டில் இருந்தது அக்காவின் பெயர்தான். மகன் அன்ரன் போராளியாக இறந்து இரண்டு வருடம். மண்டபத்தில் நாங்கள் மாலை போட்ட படத்தின் கீழும் அன்ரன் என்றே எழுதியிருந்தது.

"அக்கா, இந்தக் கதை இங்கை இருக்கலாமோ, சொல்லுங்கோ."

"வாசியுங்கோ தம்பி, கேப்பம்."

வேறு வழியில்லாமல், கார்ட்டை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டு பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். கனகலிங்கம் மேடைக் குரலில் வாசித்தார். சொதி என்ற இடத்தில் டொலறஸ் அக்கா கண்ணை மூடினார்.

"செம்பியன் என்ரை அன்ரன்," என்றார்.

இயக்கத்தில் சேர்ந்தால் புதுப்பெயர் வைப்பார்கள் என்று அறியாதவர் எங்களில் யார்? ஆறு தடவை முத்திரை குத்திக் கொடுத்த நானும் ஒரு சொல் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"கடைசிக் கடிதத்திலை அந்தப் பெயரைத்தான் போட்டவன். செத்திட்டான் எண்டு வந்த கடதாசியிலை வெறும் திகதி. அவன் என்னைக் கேட்டவன் எண்டது இதிலை மட்டும்தான் கிடக்கு. இதையும் எடுக்கப் போறியளோ?"

கனகலிங்கம் புத்தகத்தை மேசையில் வைத்தார். "எனக்குத் தெரியாது, அக்கா."

"ரெண்டு கிழமைக்குப் போட்டுத் தாங்கோ, ரீச்சர்."

முத்திரை கோணலாக விழுந்தது. பெயரை எழுதப் போன என் பேனையை டொலறஸ் அக்கா வாங்கினார். ஆறு டொலறஸுக்குக் கீழே 'செம்பியனின் அம்மா' என்று எழுதி, கார்ட்டைக் கனகலிங்கத்தின் பக்கம் திருப்பி வைத்தார்.